கா.ஆ.

திங்கட்கிழமை, பிற்பகல் 2.15

குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும், மாடியில் உங்கள் அக்காவும் இறைவன் தயவில் நன்றாக இருக்கிறோம். விடுதி அறையில் மின்விசிறி கிறீச்சிடுகிறது என்றீர்களே, யாராவது வந்து பார்த்தார்களா? நான்கு மாதமாக அதையே சொல்கிறீர்கள். வெள்ளியைத் தூளிலும் தூளாக்கத் தெரிந்தவருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடத் தெரியாதா என்று உங்கள் அக்கா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஃபில்டர் அறிக்கையின் தமிழ்ப் பிரதி சனிக்கிழமை கிடைத்தது. சதவீத மாமாதான் கொண்டுவந்தார். உங்கள் பங்குதாரருக்குக் குட்டி வைத்த பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், “தொண்ணூறு சதவீதம் நல்லாருக்கு தங்கச்சி” என்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மீதிப் பத்து எங்கே போயிற்று என்று கேட்டேன். சர்க்கரையில் போயிற்றாம்.

எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். நாற்பத்தொரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, ஆறு இடத்தில் வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான், பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைப் பிரித்துப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றவள். இத்தனை படித்த நீங்கள் ‘க்’ ‘ச்’ என்றால் ஏன் இப்படி அலட்சியப்படுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளைப் பற்றி எழுதுகிறவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற புள்ளி தெரியவில்லை.

படிக்கும்போது பழைய நினைவு வந்து சிரித்துக்கொண்டேன். முதன்முதலில் நீங்கள் “எல்லாமே நானோதான்” என்றபோது, ‘நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள், நானோ வேறு நினைக்கிறேன்’ என்கிற நானோ என்றல்லவா எண்ணினேன். யாரோடு வாக்குவாதம் என்றுகூடக் கேட்டேன். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு என்று நீங்கள் சொன்னதை நோட்டில் சைபர் சைபராகப் போட்டுப் பார்த்து, வரி போதாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

பதினேழாம் பக்கத்தில் நம் வீடு இருக்கிறது. ‘ஒரு குடும்பத்தில் 412 நாள் தொடர் சோதனை. ஒரு நாள்கூடப் புட்டி கறுக்கவில்லை.’ நான் கட்டம் போட்டு எழுதிய நோட்டு அச்சில் வந்திருக்கிறது. ஃபில்டரின் மேல் அடுக்கில் தண்ணீர் ஊற்றி, வெள்ளி பூசிய உங்கள் மண் கேண்டில் வழியாகக் கீழே வடிந்ததைப் சோதனைப் பொடி போட்ட சின்னப் புட்டியில் பிடித்து, அலமாரியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பது. கிருமி இருந்தால் கறுக்கும், இல்லாவிட்டால் வெளிர் மஞ்சளாகவே நிற்கும். நானூற்றுப் பன்னிரண்டு தடவை மஞ்சள். குட்டி அந்தப் பக்கத்தை வாங்கி, “அம்மா, இது நம்ம சமையல்கட்டா? அப்ப நாமளும் விஞ்ஞானியா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதினேழாம் பக்கத்தை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றை அனுப்புகிறேன். இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஒற்றுக்காகத்தான்.

ஒன்று கேட்க மறந்தேன். அலமாரியில், அதே சூளையில் சுட்ட இன்னொரு கேண்டில் புதிதாக இருக்கிறதே, அதைப் பொருத்தும் முன் எத்தனை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்? சும்மா கேட்டேன்.

ஃபில்டர் வாங்க வருகிறவர்களோடு ஒப்பந்தக் கையெழுத்துக்கு நாள் முடிவானதும் தெரியப்படுத்துங்கள். அன்றைக்கு நானும் விரதம் இருப்பேன்.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி

*

செவ்வாய்க்கிழமை, காலை 10.20

குட்டியின் அப்பாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ‘எல்லோரும்’ என்பதில் என்னை மட்டும் மூன்று நாள் கழித்துக்கொள்ளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. இப்போது எழுந்து நடமாடுகிறேன், சமைக்கிறேன், உங்கள் அக்காவிடம் திட்டும் வாங்குகிறேன். அது எதனால் என்று பின்னால் வருகிறது. நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதீர்கள், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போது அறையில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள், நீங்களும் ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறீர்கள். இது ஒலிபெருக்கியில் கேட்கிற விஷயம் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தையும் என் இரண்டு நோட்டுகளையும் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வியாழக்கிழமை கிடைக்கும் என்று தபால் ஆபீஸ் அம்மா சொன்னார். கையெழுத்து வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் உங்கள் கையில் கிடைத்தால் போதும்.

ஏழு வாரத்துக்கு முன்னால் பதினேழாம் பக்கத்தை வைத்துக்கொண்டது ஒற்றுக்காக இல்லை. நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், இரண்டு தடவையும் பிழை பார்க்கிறேன் என்றேன். ஒரு பக்கத்தில் எத்தனை பிழைதான் இருக்கும் என்று சிரித்தீர்கள். இரண்டு இருக்கிறது.

முதல் பிழை: அட்டவணையில் ‘நீர் ஊற்றிய நேரம்: தினமும் காலை ஆறு மணி’ என்று போட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காலை ஆறு மணிக்கு நான் எங்கே ஃபில்டரில் தண்ணீர் ஊற்றினேன்? அது குட்டியை எழுப்பி, அவள் மறுபடி படுத்து, மறுபடி எழுப்புகிற நேரம் அல்லவா. இவர் எங்கிருந்து ஆறு மணியைப் பிடித்தார் என்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்தி, ‘குறிப்பு’ என்று நான் தலைப்புப் போட்டது. முதல் நாளில் ‘கா.ஆ.’ என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே நானூற்றுப் பதினொரு நாளும் மேற்படிக் குறி.

நீங்கள் அதைக் ‘காலை ஆறு’ என்று படித்திருக்கிறீர்கள்.

நான் எழுதியது ‘காய்ச்சி ஆறியது’.

இரண்டாவது பிழை அதற்கு அடுத்த வரியில் இருந்தது. ‘பயன்படுத்திய நீர்: காய்ச்சாத குழாய் நீர்.’ சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன்.

நீங்கள் ஃபில்டரைப் பொருத்திய அன்று சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. “சூடா ஊத்திடாதே, பூச்சு போயிடும். பச்சைத் தண்ணியாத்தான் ஊத்தணும்” என்றீர்கள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் கை சுடாத தண்ணீர் எல்லாம் பச்சைத் தண்ணீர்தான். அதனால் நான் தினமும் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, விரலை விட்டுப் பார்த்து, ஊற்றினேன். நீங்கள் சொன்ன பச்சை, அடுப்பையே பார்க்காத பச்சை. நான் ஊற்றிய பச்சை, அடுப்பிலிருந்து இறங்கி ஆறிய பச்சை. காய்ச்சிய தண்ணீரில் ஏது கிருமி? ஃபில்டரே இல்லாமல் புட்டியில் ஊற்றியிருந்தாலும் நானூற்றுப் பன்னிரண்டு நாளும் மஞ்சளாகத்தான் நின்றிருக்கும். நாம் சோதித்தது உங்கள் வெள்ளியை இல்லை, என் அடுப்பை.

இதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு சொல்லால் வந்த குழப்பம் என்று நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அப்படி மன்னிக்கக் கூடாது. காலைப் பிரார்த்தனையில் உட்காரும்போதெல்லாம் என்னை நானே கேட்டுப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லையா, விளங்கிக்கொள்ள மனம் வரவில்லையா? அந்த ஃபில்டர் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? காய்ச்ச வேண்டாம் என்பதற்காகத்தானே அது. ஒரு தடவை உங்களிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள், காய்ச்சாமல் ஊற்று என்பீர்கள். அதைக் குட்டி குடிக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை போலிருக்கிறது.

மூன்று வயதில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளை நாம் பேசுவதில்லை. இப்போதும் பேசவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் வெள்ளியைப் பிடித்துக்கொண்டீர்கள், நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் வேறு வேறு கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடனே சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது, அது நல்ல காரணம் இல்லை. புதுக் கேண்டிலைப் பொருத்தி, உண்மையான பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்போம், புட்டி மஞ்சளாகவே நின்றால் இவரிடம் சொல்லவே வேண்டாம், அறிக்கை தானாக உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் கல்லூரி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நாளும், ‘இந்த ஆட்களும் கைவிட்டால் இனி யார் கதவைத் தட்டுவது’ என்று போனில் சொன்னதும் கண்முன் நின்றன. நீங்கள் சொன்னபடி ஒரு நாள் ஊறவைத்துப் பொருத்தினேன். இரண்டாவது நோட்டில் முதல் பக்கத்திலிருந்து இருக்கிறது. இந்தத் தடவை குறிப்பைச் சுருக்கவில்லை, முழுதாக எழுதியிருக்கிறேன்.

வடிந்த தண்ணீரைக் குட்டிக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குப் பழையபடி காய்ச்சியதுதான். கீழே கொட்டிவிடவும் முடியவில்லை. அடுப்பெரிக்க வசதியில்லாமல் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிற வீடுகளுக்கு மூவாயிரம் ஃபில்டர் போகப்போகிறது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் போகலாம், என் வாய்க்குப் போகக் கூடாதா? அதனால் நான் குடித்தேன்.

முப்பது நாள் மஞ்சள். சத்தியமாகச் சொல்கிறேன், முப்பதாம் நாள் எனக்கு உங்கள்மேல் அப்படி ஒரு பெருமை. இவர் சொன்னது சரிதான், நான்தான் வீணாய்ச் சந்தேகப்பட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் பிடித்து வைத்த புட்டி மறுநாள் கறுத்திருந்தது. புட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று என்னையே கடிந்துகொண்டு வேறு புட்டியில் பிடித்தேன். அதுவும் கறுப்பு. அப்படி ஆறு நாள்.

அந்த நாட்களில் என்ன வேண்டினேன் தெரியுமா? புட்டி கறுக்கக் கூடாது, புட்டி கறுக்கக் கூடாது. பாதியில்தான் உறைத்தது. தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டவில்லை. தெரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் போய்க் கடவுளிடம் கேட்டேனே என்று வெட்கமாகிவிட்டது.

அந்தச் சனி, ஞாயிறு, திங்கள்தான் நான் மேலே கழித்துக்கொள்ளச் சொன்ன மூன்று நாள். வயிறு சரியில்லை. உங்கள் அக்கா நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை என் கையில் திணித்துவிட்டு, “ஏம்மா, புட்டிக்குப் பதிலா உன்னையே அலமாரில வச்சுப் பாத்தியா? கறுத்தியா இல்லையா?” என்றார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. “அண்ணி, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க” என்றேன். “நான் ஏன் சொல்றேன்? நீதான் சொல்லப் போற. என் தம்பி கோவிச்சுக்கிட்டா மாடியில என் ரூம்ல இடம் இருக்கு, வந்து படுத்துக்க” என்றார். உங்கள் அக்கா பாசமாகப் பேசி நான் கேட்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஆஸ்பத்திரியில்.

உடம்பு தேறியதும் முப்பத்தேழாம் நாள் கேண்டிலைக் கழற்றிப் பார்த்தேன். மேலே வழவழவென்று ஒரு படிவு, தண்ணீர்க் குடத்தின் அடியில் வருமே, அதைப் போல. குட்டியின் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெறும் தண்ணீரில் தேய்த்தேன், சோப்புப் போடவில்லை. உள்ளே இருக்கிற வெள்ளி அந்தப் போர்வைக்குள் மூச்சு முட்டிக் கிடந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. தேய்த்து மாட்டிய பிறகு நேற்று ஊற்றியது வரைக்கும் ஆறு நாள் மஞ்சள். இந்த ஆறு நாளும் நான் குடிக்கவில்லை, உங்கள் அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள் என்று தெரியும். குதிக்காதீர்கள். ஆறு நாள் என்பது ஆறு நாள்தான். அதை நானூறு என்று எழுதிவிடக் கூடாது. வாரம் ஒரு தடவை தேய்த்தால் போதுமா, தேய்க்கத் தேய்க்க உங்கள் வெள்ளியே கரைந்து போய்விடுமா, என்னைப் போல ஒருத்தி உப்புத் தாளால் பரபரவென்று தேய்த்தால் என்ன ஆகும், அதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நேற்று சதவீத மாமா பதினேழாம் பக்கத்தை வாங்கிப் போக வந்தார். அவரிடம் முழுதும் சொல்லவில்லை, மேலோட்டமாகச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, “முப்பது நாள் ஓடுதில்ல தங்கச்சி? அதுவே தொண்ணூத்தேழு சதவீதம் வெற்றி” என்றார். எதில் தொண்ணூற்றேழு என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, “முதல்ல கையெழுத்து ஆகட்டும். ஆனப்புறம் சரி பண்ணிக்கலாம். இப்பப் போய் இதைச் சொன்னா அவருக்கு நெஞ்சே வெடிச்சிடும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை, உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்தை அவரிடம் கொடுக்கவில்லை. தபாலில் நானே அனுப்பிக்கொள்கிறேன் என்றேன். போகும்போது டீ எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் போனார்.

அந்தப் பக்கம் இதோடு இருக்கிறது. ஒற்றுப் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு பிழைகளையும் நான் திருத்தவில்லை, பென்சிலால் வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன். அது உங்கள் அறிக்கை. வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னால் உட்காரும்போது, ‘காலை ஆறு’ என்பதை நீங்களே அடித்துவிட்டுக் ‘காய்ச்சி ஆறியது’ என்று உங்கள் கையால் எழுத வேண்டும். எழுதி, இரண்டாவது நோட்டை அவர்கள் பக்கம் தள்ள வேண்டும். கறுத்த ஆறு நாளையும் சேர்த்துத்தான். கேட்டுவிட்டு எழுந்து போனால் போகட்டும். யாரால் வந்தது என்று கேட்டால் வீட்டுக்காரியால் என்று தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

எழுந்து போய்விட்டால், நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். மின்விசிறி இங்கே சத்தம் போடுவதில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குட்டி இத்தனை நாளும் அப்பா செய்த தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நேற்று அலமாரியில் கறுத்த புட்டிகளை ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இது எந்தத் தண்ணிம்மா?” என்றாள். பொய் சொல்லவில்லை. “இது அப்பா தண்ணி. நீ இதுவரை குடிச்சது அம்மா தண்ணி” என்றேன். “அப்ப அப்பா தண்ணியை எப்பத் தருவே?” என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு நான் சொல்லாத பதிலை உங்களிடம் சொல்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி, நீங்கள் தேய்த்துப் பார்த்து, ஊற்றிப் பார்த்து, கறுத்ததைக் கறுத்தது என்றே எழுதி, இனி சரி என்று உங்கள் மனசுக்கே படுகிற ஒரு நாள் வரும். அன்றைக்கு ஒரு தம்ளரில் பிடித்து அவளிடம் நீங்களே கொடுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்பை மூட்ட மாட்டேன்.

இறைவன் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், முக்கியமாகப் பேனா பிடிக்கிற கையை.

என்றும் உங்கள் வீட்டில் இருக்கும்,
குட்டியின் அம்மா